பட்டுத்துண்டு போர்த்திய மானிட்டர்

ஷாலினி மேரிக்கு அன்று காலையில் இருந்த முதல் பயம் பெரிய பயமெல்லாம் இல்லை. மேசையின் வலது ஓரத்தில் பட்டுத்துண்டு போர்த்தி, செவ்வந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து ஜம்மென்று நின்றிருந்த மானிட்டர்மேல் தன் முழங்கை பட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான். அதற்காகவே நாற்காலியைக் கொஞ்சம் இடதுபக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கண்ட்ரோல் ரூம் அது. டிப்பர்கள் வந்து பாறைகளைக் குழியில் கொட்டும். கிரஷர் அதை நொறுக்கும். நொறுங்கிய கல்லை நான்கு பெல்ட்டுகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலைக்கான குவியலில் சேர்க்கும். இத்தனையையும் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மவுஸைத் தட்டியே ஓட்டுவது ஷாலினியின் வேலை. வரதராஜன்பேட்டைப் பெண். டிப்ளமோ படித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், சில வருடங்களாக இதே நாற்காலிதான். அந்த ஷிப்டில் தான் ஒருத்திதான் பொம்பளை, தானும் தம்பியும்தான் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பதெல்லாம் அவளுக்குச் சாதாரண நாட்களில் நினைவே இருக்காது. ஆயுத பூஜை வந்தால் மட்டும் நினைவு வந்துவிடும்.

அதற்கும் காரணம் உண்டு. போன வருடப் பூஜையில் குத்துவிளக்கு ஒன்று வயருக்குப் பக்கத்தில் எரிகிறதே என்று அவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். நல்லதுக்குத்தான் செய்தாள். காண்டிராக்டர் வீரமுத்து பக்கத்து ஆளிடம், "பூசையில வச்சதத் தொடக் கூடாதுன்னு இவங்களுக்கு எங்க தெரியப் போவுது" என்றான். அவன் அன்று சாயங்காலமே அதை மறந்திருப்பான். இவள் மறக்கவில்லை. ஒரு வருடமாக அந்த வார்த்தை உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. இனிமேல் பூஜையில் வைத்த எதன்மேலும் விரல் நுனிகூடப் படக் கூடாது என்று அன்றைக்கே மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் தங்கசாமி அப்படிப்பட்டவர் இல்லை. நேற்று அவரே மாடிக்கு வந்து, அவளும் பூஜையில் ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"கம்ப்யூட்டரயும் வச்சுக் கும்பிடணும்மா. மொத்தத்தையும் வச்சுட்டா நாளைக்கு மறுபூசை முடியுற வரைக்கும் தொட முடியாது. அப்பறம் பிளான்ட்ட யாரு ஓட்டுறது? மூணு மானிட்டர்ல ஒண்ண மட்டும் வச்சுருவோம். எது இல்லாம ஒனக்கு ஓடும்னு நீயே சொல்லு."

ஒரு கம்ப்யூட்டர், மூன்று மானிட்டர். இடதுபக்கம் கேமராக்கள். நடுவில் பிளான்ட் முழுக்கப் படமாக, எது ஓடுகிறது எது நிற்கிறது என்று பச்சையிலும் சிவப்பிலும் தெரியும். வலதுபக்கம் சில்லறை விண்டோக்கள்: ஆயில் சூடாகிவிட்டது, தூசி அதிகமாகிவிட்டது என்று அவ்வப்போது திறந்து திறந்து சொல்பவை.

"வலதுபக்கத்தது எடுத்துக்கங்கண்ணே" என்றாள் ஷாலினி.

கற்பூரச் சூட்டில் ஏதாவது ஆகிவிடப் போகிறதென்று தங்கசாமி அந்த மானிட்டரின் பொத்தானை அமுக்கி அணைத்தார். அதற்கு முன்னால் அதில் திறந்திருந்த இரண்டு விண்டோக்களை ஷாலினி மவுஸால் இழுத்து நடு மானிட்டருக்குக் கொண்டுவந்துவிட்டாள். தங்கசாமி பட்டுத்துண்டைப் போர்த்தினார். கீழே கற்பூரம் காட்டும்போது பிளான்ட்டின் சைரனை ஊதச் சொன்னார்கள், ஊதினாள். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை வந்தது. கீபோர்டு இடுக்கிலெல்லாம் பொரி. எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் மறந்துபோயிருந்தாள். அது அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். முன்பெல்லாம் புது விண்டோ எது வந்தாலும் மவுஸ் இருக்கும் பக்கத்தில் பட்டென்று திறந்து, கேமராவை மறைக்கும், பிளான்ட் படத்தை மறைக்கும். எரிச்சலாக இருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் பெரம்பலூரிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க வந்த பாலாஜியிடம், "இதுங்க கண்ட கண்ட எடத்துல தொறக்குதுப்பா. புதுசா வர்றதெல்லாம் வலதுபக்கமே தொறக்கற மாதிரி பண்ணிக் குடு" என்று கேட்டாள். இந்த விண்டோ இந்த மானிட்டரில்தான் திறக்க வேண்டும் என்று லினக்ஸில் விதி எழுதி வைக்கலாம். பாலாஜி எழுதி வைத்துவிட்டுப் போனான். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது, அவளும் அதை நினைக்கவே இல்லை. நேற்று அவள் இழுத்து நகர்த்தியது ஏற்கெனவே திறந்திருந்ததைத்தான். இனிமேல் திறக்கப்போவதை யார் நகர்த்துவது?

சில்லறை விண்டோக்கள் என்று சொன்னேனே, அவற்றில் ஒன்று சில்லறை இல்லை. கிரஷருக்கு அடியில் தரைக்குக் கீழே ஒரு டனல் போகிறது. ஒன்றாம் பெல்ட் அதற்குள்தான் ஓடுகிறது. பெல்ட்டைப் பார்க்க உள்ளே போகிறவன் வாசலில் தன் கார்டைத் தட்ட வேண்டும். தட்டியதும் மேலே கண்ட்ரோல் ரூமில் 'டிங்' என்ற சத்தத்தோடு ஒரு விண்டோ திறக்கும். 'ஆள் உள்ளே' என்று சிவப்பில் போட்டு, கீழே பெயர் இருக்கும். அவன் வெளியே வந்து மறுபடி தட்டும்வரை மூடாது. அது திறந்திருக்கும்வரை ஷாலினி பெல்ட்டை ஓட்ட மாட்டாள். மீறி ஓட்டினால் மெஷின் தடுக்குமா என்றால், தடுக்காது. அந்தத் தடுப்பை அடுத்த வருடம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் தடுப்பு இவளுடைய இரண்டு கண்கள்தான்.

போன மாதம்தான் தம்பி பிரான்சிஸை அங்கே பெல்ட் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டிருந்தாள். இவளே தங்கசாமியிடம் சொல்லி, இவளே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தது. அம்மா மதலேனம்மாளுக்கு அதில் அப்படி ஒரு நிம்மதி. "நீ மேல ஒக்காந்துருக்க, அவன் கீழ இருக்கான். ஒங் கண்ணுலயே இருக்கட்டும்டி" என்று பக்கத்து வூட்டுக்காரிகள் கேட்கும்படி சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

மறுபூஜைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் ஆலையிலிருந்து போன் வந்துவிட்டது. கல் தீரப்போகிறது, உடனே ஓட்டுங்கள் என்று. தங்கசாமி கீழே ஒர்க்‌ஷாப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தவர் வாக்கி டாக்கியில் சொன்னார்.

"நீ ஓட்டும்மா. நாம ஒரு மானிட்டரத்தான வச்சோம், அது பாட்டுக்கு இருக்கட்டும். மறுபூசை முடிஞ்சதும் நானே வந்து எடுத்துவுடுறேன்."

"சரிங்கண்ணே."

வெளியே டிப்பர்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஷாலினி இடதுபக்கம் கேமராக்களைப் பார்த்தாள். டனல் வாசல் கேமராவில் வாசலைக் காணோம், ஒரே செவ்வந்திப் பூவாக இருந்தது. எந்த மகராசனோ கேமராவுக்கும் மாலை போட்டிருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னலோரம் போய் டிப்பர்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள், இதோ ஓட்டுகிறேன் என்று. முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்றது.

திரும்பி வந்து பார்த்தாள். நடு மானிட்டரில் ஒன்றும் இல்லை. இடது மானிட்டரில் ஒன்றும் இல்லை. செல்போனை எடுத்துப் பார்த்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. வெளியே ஹாரன் காதைக் கிழித்தது. "இருங்கடா, வரேன்" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்து, ஸ்டார்ட்டைத் தட்டினாள்.

சைரன் ஊதியது. ஊதி ஓய்ந்தது.

பெல்ட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பாது. கடைசி நான்காம் பெல்ட் முதலில் கிளம்பும். அது வேகம் பிடித்ததும் மூன்று, பிறகு இரண்டு, பிறகு டனலுக்குள் இருக்கும் ஒன்று. நடு மானிட்டரில் நான்காம் பெல்ட் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. தூரத்தில் கடகடவென்று சத்தம் எழுந்தது.

மறுபடியும் 'டிங்'.

இந்த முறை அவள் கண்ணெதிரில் இரண்டு மானிட்டரும் இருந்தன. ஒன்றிலும் ஒன்றும் திறக்கவில்லை. சத்தம் மட்டும் வந்தது. சத்தம் வந்தால் விண்டோ வர வேண்டும். விண்டோ இல்லாமல் சத்தம் எங்கிருந்து வருகிறது?

பாலாஜிக்குப் போன் போட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் ஒரே மணிச் சத்தம், குழந்தை அழுகைச் சத்தம்.

"அக்கா, குரும்பலூர்ல கோயில்ல இருக்கேன்க்கா. பாப்பாவ அரிசியில எழுத வைக்கிறோம். அப்பறம் பேசட்டுமா?"

"பாலாஜி, வச்சுடாத! டிங் டிங்னு சத்தம் வருது, விண்டோவக் காணோம். ரெண்டு மானிட்டர்லயும் ஒண்ணுமே வரல."

"ரெண்டா? மூணுல்ல இருக்கும்?"

"ஒண்ண பூசையில வச்சு துண்டு போத்தியிருக்கு. வலதுபக்கத்தது."

"வயரக் கழட்டிட்டா வச்சுருக்கீங்க?"

"இல்லப்பா, ஆஃப் பண்ணி அப்படியே வச்சுருக்கு."

போனில் குழந்தை வீறிட்டது. பாலாஜி யாரிடமோ "கொஞ்சம் புடிங்க" என்றான். பிறகு அவன் குரல் மாறியிருந்தது.

"அக்கா, பொத்தான அமுக்கி ஆஃப் பண்ணா கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? வயரு மாட்டியிருக்கற வரைக்கும் மானிட்டர் இருக்குன்னுதான் அது நெனைச்சுக்கும். நீங்கதானே அங்கயே தொறக்கணும்னு சொன்னீங்க? வர்றதெல்லாம் அந்தத் துண்டுக்குப் பின்னாலதான் தொறந்துக்கிட்டு இருக்கு."

மூன்றாம் பெல்ட் பச்சைக்கு மாறியது.

"ஆளு உள்ள போனா வருமே, அந்த விண்டோ?"

"எல்லாமேக்கா. ஏன், நீங்க எதுவும் ஓட்டலல்ல?"

அவள் போனை மேசையில் போட்டாள். மவுஸைப் பிடித்து நடு மானிட்டரில் ஸ்டாப்பைத் தட்டினாள்.

அங்கேதான் இன்னொரு வினை. ஓட்டுவதற்கு ஒரு தட்டு போதும். நிறுத்துவதற்குத்தான் கேள்வி. தெரியாமல் கைபட்டு நின்றுவிட்டால் நஷ்டம் என்று மேலே யாரோ கணக்குப் போட்டு, 'நிச்சயமாக நிறுத்தவா?' என்று ஒரு விண்டோ திறந்து கேட்கும்படி வைத்திருந்தார்கள். தெரியாமல் ஓட்டிவிட்டால் என்ன நஷ்டம் என்று ஒரு புண்ணியவானும் கணக்குப் போடவில்லை. அந்தக் கேள்வி விண்டோவும் புது விண்டோதானே! அதுவும் போய்த் துண்டுக்குப் பின்னால் திறந்துகொண்டது. அதற்குப் பதில் சொல்லும்வரை நடு மானிட்டரில் எதுவும் வேலை செய்யாது. ஷாலினி தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். படம் அசையவில்லை. என்டரைத் தட்டினால் 'வேண்டாம்' என்று போய்விடும். அதையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருந்தது. பெல்ட்டுகள் காத்திருக்குமா?

மேசையில் முன்பு ஒரு சிவப்பு எமர்ஜென்சி பொத்தான் இருந்தது. யாரோ அதன்மேல் டீ டம்ளரை வைத்து ஒரு நாள் பிளான்ட் மொத்தமும் நின்றுபோனதிலிருந்து, அதைக் கழற்றிக் கீழே பேனல் ரூமில் மாட்டிவிட்டார்கள். படி இறங்கி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குள் ஒன்றாம் பெல்ட் கிளம்பிவிடும்.

அவள் வாக்கியை எடுத்தாள்.

"பிரான்சிஸ்! பிரான்சிஸ், எங்கடா இருக்க?"

கொர்ரென்ற இரைச்சல். அவ்வளவுதான்.

"டேய் பிரான்சிஸ், பேசுடா!"

டனலுக்குள் வாக்கி எடுக்காது. வேறு எங்கே இருந்தாலும் எடுக்கும். ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் எடுக்கும், கேன்டீனில் இருந்தால் எடுக்கும், டிப்பர் நிற்குமிடத்தில் இருந்தால் எடுக்கும். டனலில் மட்டும்தான் எடுக்காது. 'மாதாவே, மாதாவே' என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வலது கை பட்டுத்துண்டை நோக்கிப் போனது.

போன கை பாதியில் நின்றது.

நின்றதே, அதைத்தான் என்னவென்று சொல்வது! துண்டுக்கு ஒரு சாண் தள்ளி, மாலைக்குப் பக்கத்தில், அந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்த நேரத்தில் அவள் காதில் பெல்ட் சத்தம் இல்லை. போன வருடத்து வீரமுத்துவின் குரல்தான் இருந்தது. இவங்களுக்கு எங்க தெரியப் போவுது. அடி பைத்தியக்காரி, உயிர் போகிற நேரத்தில் இதுவா என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். அவளும் பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொள்ளத்தான் போகிறாள். அப்போது அவள் கை துண்டை விட்டுவிட்டு வாக்கிக்குத் திரும்பிப் போனது.

"தங்கசாமி அண்ணே! அண்ணே, மானிட்டர் மேல உள்ள துண்ட எடுக்கணும். எடுக்கட்டுமாண்ணே?"

கீழே ஒர்க்‌ஷாப்பில் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா? கேக்கல."

"துண்டுண்ணே! எடுக்கட்டுமா?"

"ஒரு நிமிசம் பொறும்மா. பூசாரி வந்துட்டாரு. தோ நானே மேல வரேன்."

அவள் பொறுத்தாள். ஆமாம், பொறுத்தாள். அந்த 'பொறும்மா' காதில் விழுந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாக்கியைப் பிடித்தபடி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் பெல்ட் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. கட்டிடத்தின் தரை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியதும்தான் அவளுக்குப் புத்தி வந்தது.

துண்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். மாலை அறுந்து பூவெல்லாம் கீபோர்டில் சிதறியது. மானிட்டரின் பொத்தான் எங்கே இருக்கிறதென்று விரல் தேடியது. சந்தனம் அப்பியிருந்தது. கண்டுபிடித்து அமுக்கினாள். சின்ன விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கம்பெனிப் பெயர் வந்தது. வெட்கமில்லாமல் மெல்ல மெல்ல வந்து, மெல்ல மெல்ல மறைந்தது. "வாடி, வா, வந்து தொல" என்று அவள் அந்த மானிட்டரை உலுக்கினாள். திரை வெளிச்சமானது.

எல்லாம் அங்கே இருந்தன. 'ஆயில் அழுத்தம் குறைவு' என்று ஒன்று. அதன்மேல், 'நிச்சயமாக நிறுத்தவா?' இரண்டுக்கும் அடியில், பாதி மறைந்து, சிவப்பு எழுத்து.

ஆள் உள்ளே. பிரான்சிஸ்.

மவுஸ் அம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மேசையெல்லாம் பொரியும் பூவுமாக மவுஸ் நகராமல் தடுக்கியது. புறங்கையால் எல்லாவற்றையும் வாரித் தரையில் தள்ளினாள். நடு மானிட்டரில் ஒன்றாம் பெல்ட் கண் சிமிட்ட ஆரம்பித்தது. கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அம்பு கிடைத்தது. அதை வலதுபக்கம் தள்ளினாள், தாண்டிப் போனது, திரும்பக் கொண்டுவந்தாள். ஒன்றாம் பெல்ட் பச்சையானது. 'ஆம்' மேல் தட்டினாள்.

எல்லாம் சிவப்பானது. பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஸ்பீக்கர் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. எதிரே ஏறி வந்த தங்கசாமியை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள். "என்னம்மா, என்ன?" என்று அவரும் பின்னாலேயே ஓடிவந்தார். டனல் வாசலில் விளக்கு மங்கலாக எரிந்தது. உள்ளே சுண்ணாம்புத் தூசி புகையாக நின்றது. பெல்ட் ஓரமாகச் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்சம் போனால் என்ன கிடக்குமோ என்று நினைத்தாள். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது குரல் கேட்டது.

"ஓட்டிராதக்கா... ஓட்டிராதக்கா... ஓட்டிராதக்கா..."

பிரான்சிஸ் நின்றுகொண்டிருந்தான். முகம் முழுக்க வெள்ளைத் தூசி. இடது கை முழங்கைவரை பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவில் போயிருந்தது. சட்டைக் கையைப் பெல்ட் முதலில் பிடித்திருக்கிறது. சட்டையோடு கையும் போயிருக்கிறது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் தோளும் தலையும் போயிருக்கும். அவன் அக்காவைப் பார்த்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஓட்டலடா, ஓட்டலடா. நான் இங்க இருக்கேன் பாரு. இங்க இருக்கேன்" என்று அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தங்கசாமி கத்தியதில் ஆட்கள் ஓடிவந்தார்கள். வீரமுத்துதான் கடப்பாரையோடு முதலில் வந்தான். பெல்ட்டை நெம்பித் தூக்கிக் கையை வெளியே எடுத்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்து தொங்கியது. விரல்களை அசைக்கச் சொன்னார்கள். இரண்டு அசைந்தன, மற்றவை அசையவில்லை. கையை ஒரு துணியில் சுற்றி, அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்தார்கள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வந்துகொண்டிருந்தது. ஷாலினி பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சைரன் அடிச்சுதேடா தம்பி" என்றார் தங்கசாமி. "வெளிய வர வேணாமா?"

"நேத்து மாதிரி கற்பூரத்துக்கு அடிக்கிறாங்கன்னு நெனச்சேண்ணே." பிரான்சிஸ் தண்ணீர் குடித்துவிட்டு மூச்சு வாங்கினான். "அதும் இல்லாம, நான் கார்டு தட்டிட்டுத்தான போனேன். மேல எங்க அக்கா ஒக்காந்துருக்கு. பாக்காமயா ஓட்டும்?"

அவ்வளவு வலியிலும் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஷாலினியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கசாமி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"நல்ல வேள நீயே எடுத்துட்டம்மா. நான் பொறுன்னதக் கேட்டு நீ பொறுத்துருந்தா... ஐயோ, நெனைக்கவே ஒடம்பு பதறுது. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கத்தியிருப்பேனே, எடுத்து எறின்னு. உள்ள ஆளு இருக்குன்னு ஒனக்கு எப்பத்தான்மா தெரிஞ்சுது? துண்ட எடுத்தப்பறமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பெயரைப் பார்த்தது துண்டை எடுத்த பிறகுதான், அது பொய்யும் இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீரமுத்துகூடப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறந்தாள். தம்பியின் கை அவள் கைக்குள் சூடாக இருந்தது.

"முன்னாடியே தெரியும்ணே. அவன் வாக்கி எடுக்கலன்னதுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறந்தான் உங்களக் கேட்டேன்."

தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஜீப் வந்து நின்று, டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தான். பிரான்சிஸ் எழுந்திருக்கவில்லை. சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறிச் சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல், அக்காவின் முகத்தையே பார்த்தான்.

"தெரிஞ்சுமாக்கா கேட்டுக்கிட்டு நின்ன?"